வளைவைப் பாடமாகப் படித்த யார்னோ சாரினென்

செப்பாங் பந்தயத் தடத்தில் நடக்கும் மோட்டோ ஜிபி போட்டியை நேரிலோ தொலைக்காட்சியிலோ பார்க்காத இளைஞர்கள் நம்மிடையே குறைவு. வளைவு வந்ததும் ஓட்டுநர் இருக்கையைவிட்டுப் பாதி உடம்பை உள்பக்கமாக இறக்குவார். முழங்கால் தரையை உரசும். மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றாலே இந்தக் காட்சிதான் நம் கண்முன் வருகிறது.

ஆனால் 1960ஆம் ஆண்டுகளின் பந்தயப் படங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் இரண்டு முழங்கால்களையும் பெட்ரோல் தொட்டியோடு ஒட்டி வைத்திருப்பார்கள். முதுகும் மோட்டார் சைக்கிளும் ஒரே கோட்டில் சாய்ந்திருக்கும். அன்று அதுதான் அழகு, அதுதான் ஒழுங்கு. அந்த ஒழுங்கு மாறியதற்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர், பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு பொறியியல் மாணவர். அவர் பெயர் யார்னோ சாரினென்.

இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு என் சொந்த முட்டாள்தனமே காரணம். சென்ற ஆண்டு விடுதியிலிருந்து என் பழைய கப்சாயில் போய்க்கொண்டிருந்தபோது, காணொளியில் பார்த்ததுபோல் ஒரு வளைவில் முழங்காலை வெளியே நீட்டிச் சாய்ந்தேன். வளைவின் நடுவில் கொஞ்சம் மணல் கிடந்தது. அடுத்த கணம் நான் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். நல்லவேளை, பின்னால் லாரி எதுவும் வரவில்லை. முழங்கையில் ஐந்து தையலோடு படுத்திருந்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. உடம்பை அப்படி இறக்குவதால் உண்மையில் என்ன நடக்கிறது? அதை முதலில் முறையாகச் செய்தவர் யார்? தேடப்போன இடத்தில் கிடைத்த வாழ்க்கை வரலாறு, தையல் பிரித்த பிறகும் என்னை விடவில்லை.

பனியில் தொடங்கிய பாடம்

யார்னோ சாரினென் 1945 டிசம்பர் 11ஆம் நாள் பின்லாந்தின் தென்மேற்குக் கடற்கரை நகரமான துர்க்குவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு அது. தோல்வியின் விலையாகப் பின்லாந்து, சோவியத் ஒன்றியத்துக்குப் பல ஆண்டுகள் போர் இழப்பீடு செலுத்திக்கொண்டிருந்தது. வசதியான காலம் இல்லை. வசதியான நாடும் இல்லை.

அங்கே குளிர்காலம் நீண்டது. ஏரிகள் உறைந்து கல்போல் இறுகிவிடும். மழை பெய்தாலே மோட்டாரை ஓரங்கட்டிப் பாலத்தின் அடியில் ஒதுங்குகிற நமக்கு இது வியப்பாக இருக்கலாம். பின்லாந்து இளைஞர்கள் அந்தப் பனிக்கட்டியின் மேலேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவார்கள். சாரினென் தொடங்கியதும் அங்கேதான். 1965ஆம் ஆண்டு, இருபது வயது நிறைவதற்கு முன்பே, 250சிசி பிரிவில் பின்லாந்தின் பனித்தடப் பந்தய சாம்பியன் ஆனார்.

பனித்தடம் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. தார்ச்சாலையில் டயர் பிடிக்கும் என்று நம்பி ஓட்டலாம். பனியில் அந்த நம்பிக்கை செல்லாது. முன்சக்கரம் எப்போது வழுக்கும், பின்சக்கரம் எவ்வளவு தூரம் விலகும், அப்போது உடம்பின் எடை எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் விநாடிக்கு விநாடி உணர வேண்டும். பெரும்பாலான ஓட்டுநர்கள் அஞ்சி ஒதுங்கும் வழுக்கலை, சாரினென் சிறுவயதிலேயே பழகிக்கொண்டார். பின்னாளில் ஐரோப்பாவின் தார்த்தடங்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் வழுக்கியபோது, அவர் அதைப் புது அனுபவமாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

படிப்பா, பந்தயமா?

இன்னொரு பக்கம் அவர் இயந்திரப் பொறியியல் மாணவர். நம்மில் பலரைப்போலவே, ஆசை ஒரு பக்கமும் படிப்பு ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம் அவருக்கும் இருந்தது. 1970ஆம் ஆண்டு, 24 வயதில், யமஹா மோட்டார் சைக்கிளோடு உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயத் தொடரில் இறங்கினார். தொழிற்சாலை அணி, சம்பளம், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் என்று எதுவும் இல்லை. அக்காலத்தில் தனி ஓட்டுநர்கள் வேனில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போவார்கள். தூங்குவதும் சமைப்பதும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவதும் அந்த வேனைச் சுற்றித்தான்.

அந்த முதல் ஆண்டிலேயே 250சிசி பிரிவில் உலக அளவில் நான்காம் இடத்தைப் பிடித்தார். அதைவிட வியப்பான செய்தி இதுதான்: தொடரின் கடைசிப் பந்தயங்களில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. படிப்பை முடிப்பதற்காக ஊர் திரும்பிவிட்டார்! உலகத் தரவரிசையில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தேர்வுக்காகத் திரும்பிப் போன அந்த முடிவை நினைத்துப் பாருங்கள். படிப்பு அவருக்குப் பந்தயத்தின் எதிரியாகத் தெரியவில்லை. வகுப்பில் படித்த விசை, எடை, உராய்வு எல்லாம் வார இறுதியில் அவருடைய இருக்கைக்குக் கீழேயே இருந்தன.

1971இல் அவருக்கு முதல் உலகப் பந்தய வெற்றி கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ தடத்தில் 350சிசி பிரிவில் வென்றார். அதே ஆண்டில் இத்தாலியின் மோன்சாவில் 350சிசி பந்தயத்தையும், ஸ்பெயினில் 250சிசி பந்தயத்தையும் வென்றார். ஆண்டு முடிவில் 350சிசி பிரிவில் இரண்டாம் இடம். 250சிசி பிரிவில் மூன்றாம் இடம். 350சிசியில் அவருக்கு முன்னால் இருந்தவர், அக்காலத்தின் அசைக்க முடியாத மன்னனாகக் கருதப்பட்ட இத்தாலிய வீரர் ஜாக்கொமோ அகோஸ்தினி.

உடம்பை ஏன் இறக்க வேண்டும்?

இந்த இடத்தில் சாரினென் வளைவில் என்ன செய்தார் என்பதைப் பார்த்துவிடுவோம். இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது எளிதாகவே புரியும்.

மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது அதை வளைவின் உள்பக்கம் இழுக்க மையநோக்கு விசை வேண்டும். அந்த விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு மட்டும்தான். விழாமல் இருக்க, ஓட்டுநரும் மோட்டாரும் சேர்ந்த மொத்த எடையின் ஈர்ப்பு மையம் உள்பக்கமாகச் சாய வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்.

ஒரு கணக்கு போடுவோம். வளைவின் ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 30 பாகை சாய வேண்டும். 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 39 பாகை. வேகம் 12 கிலோமீட்டர்தான் கூடியது. சாய்வோ 9 பாகை கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால், வளைவில் கொஞ்சம் கூடுதல் வேகம் என்பது கொஞ்சம் கூடுதல் ஆபத்தோடு நிற்பதில்லை.

மோட்டாரை எல்லையில்லாமல் சாய்க்கவும் முடியாது. ஒரு கட்டத்தில் கால்மிதி தரையில் உரசும். அடுத்து புகைக்குழாய் உரசும். டயரின் விளிம்பு தீர்ந்துவிடும். பிறகு விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

சாரினென் கண்ட வழி இந்த இடத்தில்தான் வருகிறது. சாய வேண்டியது ஈர்ப்பு மையம்தானே. அதற்கு மோட்டார் மட்டும்தான் சாய வேண்டும் என்று யார் சொன்னது? மோட்டாரின் எடை 110 கிலோ, ஓட்டுநரின் எடை 65 கிலோ என்று கொள்வோம். ஓட்டுநர் தன் உடம்பின் மையத்தை 15 சென்டிமீட்டர் உள்பக்கம் நகர்த்தினால், மொத்த ஈர்ப்பு மையம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுக்கு உள்பக்கம் நகரும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அது ஏறத்தாழ 5 பாகைக்குச் சமம். அதாவது, அதே வேகம், அதே வளைவு, ஆனால் மோட்டார் 5 பாகை குறைவாகச் சாய்ந்தால் போதும். பந்தயத்தில் 5 பாகை என்பது பெரிய சொத்து. கால்மிதி உரசாது, அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் ஒழுங்காக வேலை செய்யும், வளைவிலிருந்து வெளியேறும்போது முறுக்கியைச் சீக்கிரமாகத் திறக்கலாம்.

சாரினென் கைப்பிடிகளை மிகத் தாழ்வாகவும் கீழ்நோக்கிச் சரிந்தபடியும் பொருத்தி ஓட்டியவர். அதனால் மார்பு தொட்டியோடு ஒட்டிப் படிந்திருக்கும். எடை முன்சக்கரத்தின் பக்கம் வரும். வளைவு வந்ததும் இடுப்பை இருக்கையின் ஓரத்துக்கு நகர்த்தி, உள்பக்க முழங்காலை விரித்து, தோளையும் தலையையும் உள்ளே இறக்குவார். உடம்பை அசைத்து ஓட்டியவர்கள் அவருக்கு முன்பும் ஆங்காங்கே இருந்திருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு முறையாக வைத்துக்கொண்டு, உலகச் சாம்பியன்களைத் தோற்கடித்துக் காட்டியவர் என்ற பெயர் சாரினெனுக்கே உரியது.

ஒன்றை மறக்கக்கூடாது. உடம்பை இறக்குவதால் மோட்டாரின் சாய்வு குறையுமே தவிர, டயருக்குத் தேவையான உராய்வு ஒரு துளியும் குறையாது. அதே வேகத்துக்கும் அதே வளைவுக்கும் சாலை கொடுக்க வேண்டிய பிடிப்பு அதேதான். மணல் கிடந்தால் முழங்கால் காப்பாற்றாது. நான் விழுந்த காரணம் இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒரே புள்ளியில் உலகப் பட்டம்

1972ஆம் ஆண்டு சாரினெனின் ஆண்டாக அமைந்தது. அகோஸ்தினி ஓட்டிய எம்.வி. அகுஸ்தா மோட்டார் சைக்கிள்கள் அந்நாளில் வெல்ல முடியாதவை எனப் பெயர் பெற்றவை. 500சிசி உலகப் பட்டம் 1958 முதல் தொடர்ந்து அந்த நிறுவனத்தின் ஓட்டுநர்களிடமே இருந்துவந்தது. அப்படிப்பட்ட அகோஸ்தினியை 350சிசி பிரிவின் முதல் இரண்டு பந்தயங்களில், மேற்கு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்திலும் பிரான்ஸின் கிளெர்மோன் பெரான் தடத்திலும், சாரினென் முந்தினார். இரண்டுமே வளைவுகள் நிறைந்த தடங்கள். அதிர்ந்துபோன எம்.வி. அகுஸ்தா நிறுவனம் அவசரமாகப் புதிய நான்கு சிலிண்டர் இயந்திரத்தைக் களத்தில் இறக்கியது. அந்தப் பட்டத்தை அகோஸ்தினி தக்கவைத்துக்கொண்டார்; சாரினெனுக்கு மீண்டும் இரண்டாம் இடம்.

ஆனால் 250சிசி பிரிவில் கதை வேறு. அங்கே அவருக்கு எதிராக நின்றவர் இத்தாலியின் ரென்சோ பசோலினி. மூக்குக்கண்ணாடி அணிந்து பந்தயம் ஓட்டிய, ரசிகர்களின் அன்பைப் பெற்ற வீரர் அவர். ஆண்டு முழுவதும் நடந்த போட்டியின் முடிவில் சாரினெனுக்கு 94 புள்ளிகள், பசோலினிக்கு 93. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாரினென் உலகச் சாம்பியன் ஆனார். இருசக்கர மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற ஒரே பின்லாந்துக்காரர் இன்றுவரை அவர்தான்.

இந்தப் பயணம் முழுவதும் அவரோடு இருந்தவர் அவர் மனைவி சொய்லி. பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்று, கையில் நேரக்கருவியோடு ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்வார். கணினித் திரைகள் இல்லாத அந்தக் காலத்தில், எந்த வளைவில் என்ன மாற்றம் செய்ததால் நேரம் குறைந்தது என்பதை அறிய அந்தக் குறிப்புகள் எவ்வளவு உதவியிருக்கும்!

அதே 1972இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஒன்டாரியோ தடத்தில் சாரினென் ஓட்டியதை இருபது வயது இளைஞர் ஒருவர் கூர்ந்து கவனித்தார். மண் தடத்தில் ஓட்டிப் பழகிய அவருக்குத் தார்த்தட வளைவுகள் அதுவரை முழுமையாகக் கைவரவில்லை. சாரினென் உடம்பை இறக்கிய விதத்தைப் பார்த்து, தானும் அதைப் பழகத் தொடங்கினார். அவர் பெயர் கென்னி ராபர்ட்ஸ். அந்தப் பெயர் இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

மூன்று மாதம்கூட நிறையாத வெற்றி

1973இல் யமஹா நிறுவனம் சாரினெனைத் தன் தொழிற்சாலை அணியில் சேர்த்துக்கொண்டது. மார்ச் மாதம் அமெரிக்காவின் டேடோனா 200 மைல் பந்தயம். எதிராளிகளில் பலர் 750சிசி மோட்டார் சைக்கிள்களோடு வந்தார்கள். சாரினென் ஓட்டியது அதில் பாதி அளவுகூட இல்லாத 350சிசி யமஹா. நேர்ச்சாலையில் பெரிய இயந்திரங்கள் அவரை விழுங்கிவிட வேண்டும். ஆனால் நீண்ட பந்தயத்தில் பெரிய இயந்திரம் டயரையும் சங்கிலியையும் எரிபொருளையும் அதிகமாகத் தின்னும். சிறிய இயந்திரம், சீரான ஓட்டம், வளைவில் இழக்காத வேகம் ஆகியவை சேர்ந்து அவரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தன. டேடோனா 200 பந்தயத்தை வென்ற முதல் ஐரோப்பியர் அவர். அடுத்த மாதமே இத்தாலியில் நடந்த இமோலா 200 பந்தயத்தையும் அதே வகை 350சிசி மோட்டாரில் வென்றார்.

பிறகு உலகத் தொடர் தொடங்கியது. யமஹா ஒரு புதிய 500சிசி மோட்டார் சைக்கிளை அவரிடம் கொடுத்தது. நான்கு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் இயந்திரம் அது. நம் ஊர் ஆர்.எக்ஸ்.இசட். மோட்டாரின் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டூ ஸ்ட்ரோக் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிரான்ஸில் நடந்த முதல் பந்தயத்திலேயே அந்தப் புதிய இயந்திரத்தில் சாரினென் வென்றார். அடுத்து ஆஸ்திரியாவிலும் வென்றார். மேற்கு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் சங்கிலி அறுந்து விலக நேர்ந்தது. 250சிசி பிரிவில் முதல் மூன்று பந்தயங்களும் அவருக்கே. ஒரே ஆண்டில் இரண்டு உலகப் பட்டங்கள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

மோன்சா, மே 20

1973 மே 20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் மோன்சா தடம். 350சிசி பந்தயம் முடிந்து 250சிசி பந்தயம் தொடங்கியது. முதல் சுற்று. நேர்ச்சாலை முடிந்ததும் வருவது பெரிய வலது வளைவு. ஓட்டுநர்கள் நெருக்கமாக, முழு வேகத்தில் அதற்குள் நுழைந்தார்கள்.

முன்னணியில் போய்க்கொண்டிருந்த பசோலினியின் மோட்டார் வழுக்கியது. அது தட ஓரத்தில் இருந்த இரும்புத் தடுப்பில் மோதித் திரும்பி, பின்னால் வந்த சாரினென்மீது பாய்ந்தது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருவர்மீது ஒருவர் மோதி விழுந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் சிதறிக் கிடந்தன. சென்ற ஆண்டு ஒரே ஒரு புள்ளிக்காகப் போட்டியிட்ட சாரினெனும் பசோலினியும் ஒரே வளைவில், ஒரே நிமிடத்தில் உயிரிழந்தார்கள். சாரினெனுக்கு வயது 27. பசோலினிக்கு 34.

பசோலினியின் இயந்திரம் இறுகி நின்றதால் சக்கரம் வழுக்கியது என்பது ஒரு விளக்கம். முந்தைய 350சிசி பந்தயத்தில் ஒரு மோட்டார் சிந்திய எண்ணெய் தடத்திலிருந்து துடைக்கப்படவில்லை என்பது மற்றொரு விளக்கம். இந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆனால் ஒன்றில் யாருக்கும் ஐயம் இல்லை. விழுந்தவர்கள் சறுக்கிச் சென்று நிற்க அங்கே இடமே இல்லை. கார் ஓட்டுநர்களைக் காப்பதற்காகத் தட ஓரத்தில் பொருத்தப்பட்ட இரும்புத் தடுப்பு, காருக்குள் இல்லாத மனிதர்களுக்கு எமனாக நின்றது. அந்தத் தடுப்புகள் ஆபத்தானவை என்று ஓட்டுநர்கள் முன்பே முறையிட்டு வந்திருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பந்தயம் நிறுத்தப்பட்டது. அன்று நடக்க வேண்டிய 500சிசி பந்தயமும் கைவிடப்பட்டது. துயரத்தில் யமஹா அணி அந்த ஆண்டின் மீதிப் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. இரண்டே மாதங்களில், அதே மோன்சாவில் நடந்த மற்றொரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மேலும் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். அதன்பின் 1981 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் மோன்சாவுக்குத் திரும்பவில்லை.

அவர் விட்டுச் சென்றது

ஒருவர் இறந்த பிறகுதான் சில கதவுகள் திறக்கின்றன என்பது கசப்பான உண்மை. மோன்சாவுக்குப் பிறகு ஓட்டுநர்களின் குரல் உரத்தது. 1974இல் நூர்பர்க்ரிங் தடம் பாதுகாப்பாக இல்லை என்று முன்னணி ஓட்டுநர்கள் பந்தயத்தையே புறக்கணித்தார்கள். பலரைப் பலிகொண்ட மேன் தீவின் சாலைப் பந்தயம் 1976க்குப் பிறகு உலகத் தொடரிலிருந்து நீங்கியது.

இப்போது கென்னி ராபர்ட்ஸுக்கு வருவோம். சாரினெனைப் பார்த்துக் கற்ற அந்த இளைஞர் 1978, 1979, 1980 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500சிசி உலகச் சாம்பியன் ஆனார். அவர் காலத்தில் டயர்களின் பிடிப்பு கூடியது, சாய்வும் கூடியது, முழங்கால் தரையைத் தொட்டே விட்டது. உடையின் முழங்கால் பகுதி தேய்ந்து கிழியாமலிருக்க அவர் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். இன்று பந்தய உடையில் காணும் முழங்கால் வில்லைகளுக்கு மூலம் அதுதான். அதே ராபர்ட்ஸ்தான் 1979இல் மற்ற ஓட்டுநர்களோடு சேர்ந்து, பாதுகாப்பான தடமும் நியாயமான பரிசுத்தொகையும் கேட்டுத் தனித்தொடர் நடத்தப்போவதாக அறிவித்தவர். அந்தத் தொடர் நடக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கடியால் நிர்வாகிகள் இறங்கிவந்தார்கள். சாரினெனின் உடல் நுட்பத்தைக் கற்றவர், அவருடைய மரணம் எழுப்பிய கேள்வியையும் தூக்கிச் சுமந்தார் என்று சொல்லலாம்.

யமஹாவின் 500சிசி இயந்திரக் கனவும் வீண்போகவில்லை. 1975இல் அந்த நிறுவனத்துக்கு 500சிசி உலகப் பட்டம் கிடைத்தது. வென்று கொடுத்தவர், ஒரு காலத்தில் சாரினெனின் எதிராளியாக இருந்த அகோஸ்தினி.

மொத்தம் 15 உலகப் பந்தய வெற்றிகள். 250சிசியில் 8, 350சிசியில் 5, 500சிசியில் 2. முழுமையாகப் பார்த்தால் மூன்றரை ஆண்டு வாழ்க்கைதான். ஆனால் அவர் இறந்த அடுத்த ஆண்டு, இத்தாலியில் ஒரு தந்தை தன் மகனுக்கு யார்னோ என்று அந்தப் பின்லாந்துப் பெயரைச் சூட்டினார். அந்தப் பிள்ளைதான் 2004இல் மொனாக்கோ பார்முலா 1 பந்தயத்தை வென்ற யார்னோ த்ரூல்லி. 2010இல் மலேசியர்களின் முயற்சியில் உருவான லோட்டஸ் அணிக்காகச் செப்பாங்கில் ஓட்டியவரும் அவரே. அன்று அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டிய நம்மவர்களில் எத்தனை பேருக்கு, அது மோன்சாவில் மறைந்த ஒருவரின் பெயர் என்று தெரிந்திருக்கும்?

நம் சாலையில்

செப்பாங் தடத்தின் வளைவுகளை அடுத்த முறை பார்க்கும்போது ஓட்டுநரின் முழங்காலை மட்டும் பார்க்காதீர்கள். தடத்துக்கு வெளியே விரிந்து கிடக்கும் பரந்த வெளியையும் பாருங்கள். விழுந்தவர் சறுக்கிச் சென்று எழுந்து நிற்பதற்கான இடம் அது. சாரினெனுக்குக் கிடைக்காத இடம்.

நம் மலைச்சாலைகளில் அந்த இடம் உண்டா? உலு யாம் சாலையிலோ கேமரன் மலை ஏற்றத்திலோ வளைவுக்கு வெளியே இருப்பது பள்ளம், மரம் அல்லது இரும்புத் தடுப்பு. எதிரே வருவது லாரி. சாலைமேல் கிடப்பது மணல், இலைச்சருகு, எண்ணெய்க் கறை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்களில் பலர் நம் வயதுக்காரர்கள்.

சாரினெனிடமிருந்து சாலைக்கு எடுத்துவரத்தக்கவை உண்டு. வளைவுக்கு முன்பே, மோட்டார் நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். கையைத் தளர்த்தி, வெளிப்பக்க முழங்காலால் தொட்டியைப் பற்றிக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்துக்கு அருகே உள்ள சாலையைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் பிடிக்கவோ முறுக்கவோ கூடாது. தலையையும் தோளையும் சற்று உள்பக்கம் கொண்டுவந்தால் சாலையில் அதுவே போதும். முழங்கால் தரையைத் தொட வேண்டிய வேகம் வந்துவிட்டால், அந்த வேகம் சாலைக்குரியது அல்ல. பழக ஆசை இருந்தால் பந்தயத் தடத்தில், முழுக் கவச உடையோடு, பயிற்சியாளர் முன்னிலையில் பழகலாம்.

என் முழங்கையில் தையல் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வளைவை இப்போதும் வாரம் இருமுறை கடக்கிறேன். வேகத்தை முன்கூட்டியே குறைத்து, மணல் இருக்கிறதா என்று பார்த்து, நிதானமாகத் திரும்புகிறேன். பின்னால் வருபவர்கள் சில நேரம் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். தேர்வுக்காக உலகப் பந்தயத்தையே விட்டு ஊர் திரும்பிய ஒரு மாணவரின் கதை தெரிந்த பிறகு, ஒரு வளைவுக்காக அவசரப்பட எனக்கு மனம் வருவதில்லை.